தம்பியின் காருக்கு நான் மாட்டிய நம்பர் பிளேட்

என் தம்பியின் கார் மூக்கில் நான் போட்ட ஓட்டைகள் இரண்டு. ஒவ்வொன்றும் கால் அங்குலம். ஒன்றின் நடுவிலிருந்து மற்றொன்றின் நடுவுக்குப் பத்தரை அங்குலம். தரையிலிருந்து உயரம் பதினாலு. இந்த அளவுகளை நான் எங்கும் குறித்து வைக்கவில்லை. குறித்திருந்தால் அதுவே வம்பாகியிருக்கும். ஆனாலும் மறக்கவில்லை. முப்பத்தொரு வருஷம் நில அளவைத் துறையில் இருந்தவன் நான். அளந்தது மறக்காது.

வண்டியின் எண்ணை இங்கே எழுதப்போவதில்லை. மூன்று ஆங்கில எழுத்து, நான்கு எண் என்பதோடு விட்டுவிடுகிறேன். ஆட்களின் பெயரையும் எழுதவில்லை. இத்தனை காலத்துக்குப் பிறகு யாருக்கும் கெடுதல் வராது என்று என் மகள் சொல்கிறாள். எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

அப்போது எங்கள் வீடு கச்சிராயபாளையத்துக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால், சாலையை ஒட்டிய கரும்புக் கொல்லையில் இருந்தது. அப்பா போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. நான் கள்ளக்குறிச்சித் தாலுக்கா அலுவலகத்தில் சர்வேயர். தம்பி என்னைவிட ஒன்பது வயது இளையவன். மின்சாரப் படிப்பில் டிப்ளமா முடித்து, அரசு வேலைக்குப் பரீட்சை எழுதிக்கொண்டே இருந்தான். ஐந்தாவது தடவை பட்டியலில் பெயர் வந்தது. உத்தரவு மட்டும் வரவில்லை. அதற்கு முன்னால் போலீஸ் விசாரித்து, இவன்மேல் வழக்கு எதுவும் இல்லை என்று எழுதி அனுப்ப வேண்டும். அவனுக்கு இருபத்தொன்பது முடிந்திருந்தது. இந்தப் பட்டியல் கைவிட்டுப் போனால் அடுத்த பரீட்சைக்கு வயது வரம்பு தாண்டிவிடும். ஏழு மாதம்தான் இருந்தது. அவன் எண்ணினானோ இல்லையோ, நான் தினமும் எண்ணினேன்.

கார் பாண்டிச்சேரியிலிருந்து வந்தது. யாரோ வெளிநாட்டுக்காரர் வைத்திருந்து, அவர் இறந்தபின் ஒரு கொட்டகையில் கோழி அடைந்துகொண்டிருந்த வண்டி. மேலே கூரை கிடையாது. இரண்டே சீட்டு. உட்கார்ந்தால் பிருஷ்டத்துக்கும் சாலைக்கும் இடையே ஒரு சாண் என்றுதான் தோன்றும். தம்பி அதை ஒன்றரை வருஷம் பிரித்துப் பூட்டினான். சிவப்புப் பெயின்ட் அடித்தான். கல்வராயன் மலைப் பாதையில் அது உறுமிக்கொண்டு ஏறும்போது மலைக்காரர்கள் நின்று பார்ப்பார்கள். தவளை வண்டி என்று அவர்கள் அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். மேலே போகும்போது மருந்துக் கடையில் யாருக்காவது மாத்திரை வாங்கிப்போவான். வரும்போது பக்கத்து சீட்டில் ஒரு பலாப்பழம் மனிதனைப் போல உட்கார்ந்து வரும்.

பழைய சொந்தக்காரர் முன்பக்க எண்ணைத் தகடாக மாட்டாமல் மூக்கின்மேலேயே வெள்ளைப் பெயின்டில் எழுதி வைத்திருந்தார். தம்பி சிவப்பு அடித்தபோது அது போய்விட்டது. திருப்பி எழுதவும் இல்லை, தகடு மாட்டவும் இல்லை. பின்னால் மட்டும் எண் இருந்தது. இது எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது.

"பிரேக் இன்ஸ்பெக்டர் புடிச்சா இன்னாடா சொல்லுவே?" என்று கேட்பேன்.

"பின்னால இருக்குது பாருங்கன்னு சொல்லுவேன்."

"எதுர வர்றவனுக்குப் பின்னால தெரியுமா?"

"எதுர வர்றவனுக்கு வண்டியே தெரியுதே ண்ணா. நம்பர் எதுக்கு?"

அதற்கு மேல் பேசினால் வண்டியின் முன்னால் என்னை உட்கார வைத்துவிடுவான். மூக்கில் நீள்வட்டமாக ஒரு வாய் இருந்தது. "இதுலதான் காத்து உள்ள போவுது. தகட்ட இங்க வெச்சா இன்ஜின் கொதிச்சி நாலாவது வளைவுல நின்னுடும். கீழ வெக்கணும்னா இந்த ஒதட்டுல ஓட்ட போடணும். நா போட மாட்டேன். முப்பது வருஷமா ஒரு ஓட்ட இல்லாம வந்த தகரம் ண்ணா இது." கடைசி வார்த்தைகளை அவன் மெதுவாகத்தான் சொல்வான். எனக்கு அதில் பாதி புரியும்.

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்தில் சாலை மறியல்கள் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. முதலில் ஒரு நாள், அப்புறம் இரண்டு நாள் என்று போய், ஒரு தடவை வாரக்கணக்கில் நின்றது. சாலையோரப் புளியமரங்களை அறுத்துக் குறுக்கே தள்ளிவிட்டார்கள். பேருந்து இல்லை, பால் வண்டி இல்லை. ஆலைக்குப் போக வேண்டிய கரும்பு வெட்டிய இடத்திலேயே காய்ந்தது. என் மனைவியும் மகளும் நைனார்பாளையத்தில் மாமியார் வீட்டுக்குப் போனவர்கள் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். நான் அலுவலகத்துக்குச் சைக்கிளில் போனேன். வழியில் விழுந்து கிடந்த மரங்கள் முப்பத்தெட்டு. அதில் பன்னிரண்டைச் சுற்றிக்கொண்டு போகலாம். மீதி இருபத்தாறுக்கும் சைக்கிளைத் தோளில் தூக்க வேண்டும். போக இருபத்தாறு, வர இருபத்தாறு.

கேட்டது நியாயமானது என்றுதான் நான் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். எங்கள் ஊரில் அரசு வேலையில் இருந்தவர்கள் என்னையும் சேர்த்து மூன்று பேர். ஆனால் அந்த மரங்களின் வெட்டுவாயைப் பார்த்துக்கொண்டே போவது கஷ்டமாக இருந்தது.

மரங்கள் விழுந்த முதல் நாள் காலை ஆறு பத்துக்குத் தம்பி காரை எடுத்துக்கொண்டு போனான். திரும்பும்போது மணி பதினொன்று நாற்பது. எப்படி வந்தான் என்று கேட்டதற்கு, கொல்லை வழியாக வந்தேன் என்றான். அவன் குளிக்கப் போன பிறகு நான் கொட்டகைக்குப் போய்ப் பார்த்தேன். சீட்டிலும் காலடியிலும் புளிய இலை. ஒரு பச்சைக் கொத்து, உதிரி இருபத்துமூன்று. சாப்பிட உட்கார்ந்தபோது அவன் வலது உள்ளங்கையைப் பார்த்தேன். சுண்டுவிரலுக்குக் கீழே ஒரு கொப்புளம்.

கூரை இல்லாத வண்டி புளியமரச் சாலையில் போனால் இலை விழத்தான் செய்யும். தினமும் ஸ்பேனர் பிடிக்கிறவன் கையில் கொப்புளம் வரத்தான் செய்யும். இதெல்லாம் இப்போது எழுதும்போது தோன்றுகிறது. அன்று தோன்றவில்லை.

சாயங்காலம் அவன் ஒரு துணிப்பையில் இரண்டு சட்டை வைத்துக்கொண்டு மலைக்குக் கிளம்பினான். வெள்ளிமலைப் பக்கம் கூடப் படித்தவன் ஒருவன் வீடு இருந்தது. போனது அவன் மட்டுமில்லை. போலீஸ் வந்தால் எதிரில் நிற்கிறவனை அள்ளிக்கொண்டு போவார்கள் என்று ஊரில் இளவட்டம் ஒருவர்கூட வீட்டில் தங்கவில்லை. தம்பி காரை எடுக்கவில்லை. கொல்லை வழியாக நடந்தே போனான்.

"பஸ்ஸு ஓட ஆரம்பிச்சதும் வந்துடறேன்மா" என்று அம்மாவிடம் சொன்னான். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்பதற்கு வாசல்படி வரை நேரம் இருந்தது.

மூன்றாம் நாள் எங்கள் கிராம நிர்வாக அலுவலர் தாலுக்கா அலுவலகத்துக்கு வந்தார். ஊர் வழக்கப்படி அவரை மணியக்காரர் என்றே சொல்வோம். என்னைத் தனியாகப் பதிவேட்டு அறைக்குள் கூப்பிட்டார்.

"சர்வேயரே, இது நா சொன்னதா இருக்கக் கூடாது. மரம் வெட்டன கேஸ்ல பதினோரு பேரு எழுதியாச்சி. பன்னெண்டாவது ஆளுக்குப் பேரு இல்ல."

"சரி."

"சரின்றீங்களே. இன்னா எழுதிகிறாங்க தெரியுமா? ஒரு செவப்பு காரு வந்துது, முன்பக்கம் நம்பரு இல்ல, அதுலேர்ந்து ரம்பம் கோடாலியோட ஆறு பேரு எறங்கனாங்க, ஓட்டனவன் மொகம் தெரியலன்னு ரோடு மேஸ்திரி சொல்லி எழுதியிருக்குது. இந்தத் தாலுக்காவுல செவப்பு காரு எத்தினி இருக்கும்?"

"நாலு" என்றேன். எண்ணி வைத்திருந்தேன்.

"அதுல முன்னால நம்பரு இல்லாதது?"

நான் அறைக் கதவைச் சாத்தினேன்.

"வண்டியப் பாக்க வருவாங்க. நாளைக்கி இல்லன்னா நாளன்னிக்கி" என்று சொல்லிவிட்டு, பட்டா நகல் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, அதற்காகத்தான் வந்தவர்போல வெளியே போனார்.

எனக்கு அந்த அறையிலேயே தெளிவாகிவிட்டது. பன்னிரண்டாவது பெயர் எழுதப்பட்டால் உத்தரவு வராது. அந்த வேலை போனால் அவனுக்கு வேறு வேலை இல்லை. மரத்தை வெட்டினானா இல்லையா என்ற கேள்வி எனக்கு எழவே இல்லை. இருபத்துமூன்று இலையும் ஒரு கொப்புளமும் எனக்குப் போதுமாக இருந்தது. காரில் முன்பக்கம் எண் இருந்தால் அது வேறு கார். அதுதான் என் கணக்கு.

கள்ளக்குறிச்சியிலேயே கருணாபுரத்தில் போர்டு எழுதுகிற ஓவியர் ஒருவர் இருந்தார். எங்கள் அலுவலகத்தின் எல்லைக் கல்லுக்கெல்லாம் எண் எழுதுகிறவர் அவர்தான். கடை பூட்டியிருந்தது. வீட்டுக்கே போனேன். முருங்கை மரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பிரஷ்களை மண்ணெண்ணெயில் அலசிக்கொண்டிருந்தார்.

"கார் நம்பர் பிளேட்டு ஒண்ணு எழுதணும்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா சார் இது? ஊரே நம்பரக் கழட்டி வூட்ல வெச்சிகினு கீது. லாரிக்காரன் துணி கட்டி மறைக்கிறான். நீங்க புதுசா மாட்டப் போறீங்களா?"

"மாட்டணும். பழசா இருக்கணும்."

"பழசான்னா?"

"ரெண்டு மூணு வருஷம் ஆனாப்ல."

அவர் பிரஷைக் கீழே வைத்தார். வீட்டுக்குப் பின்னால் போய், எந்த வண்டியிலிருந்தோ கழற்றிப்போட்ட துருவேறிய தகடு ஒன்றைக் கொண்டுவந்தார். பழைய எழுத்தைச் சுரண்டிக் கறுப்பு அடித்து, வெயிலில் வைத்து, வெள்ளையில் எழுதினார். ஈரம் போனதும் ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து எழுத்தின்மேல் தேய்த்தார். "மேல ஜாஸ்தி தேச்சிட்டா பொய்யாத் தெரியும் சார். ஓரத்துலதான் பழசாவும்" என்றார். தன் தொழிலைப் பற்றிச் சொல்கிற குரலில்தான் சொன்னார். நான் தலையசைத்தேன். தகட்டைக் கோப்புக்குள் வைத்துச் சைக்கிளில் கட்டிக்கொண்டு இருபத்தாறு மரம் தாண்டி வீடு வந்தேன்.

மறுநாள் விடுப்பு எழுதிவிட்டு, காலையில் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு வேலையை ஆரம்பித்தேன். தம்பியின் பெட்டியிலேயே கையால் சுற்றுகிற டிரில் இருந்தது. அவன் சொன்னது ஞாபகம் இருந்தது. மூக்கின் வாயை மறைக்கவில்லை. அதற்குக் கீழே உதட்டில் நடுவைக் கண்டுபிடித்து, இரண்டு பக்கமும் ஐந்தேகால் அங்குலம் அளந்து சுண்ணாம்பால் புள்ளி வைத்தேன். சரியாக இருக்கிறதா என்று மூன்று தடவை அளந்தேன். முதல் ஓட்டைக்கு டிரில் முனையை வைத்து அழுத்தினேன். வழுக்கி ஒரு அங்குலத்துக்குச் சிவப்பில் கோடு விழுந்தது. அப்புறம் பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றினேன். சிவப்புத் தூள் விழுந்தது, பிறகு சாம்பல் நிறத் தூள், அப்புறம் தகரச் சுருள். முப்பது வருஷமாக ஓட்டை இல்லாமல் வந்த தகரம். இரண்டாவதற்கு அவ்வளவு நேரம் ஆகவில்லை.

உதடு உள்வாங்கிச் சரிந்திருந்ததால் தகடு தரையைப் பார்த்தது. சைக்கிள் டயரில் இரண்டு துண்டு வெட்டி அடியில் கொடுத்து நிமிர்த்தினேன். போல்ட் இரண்டும் பழைய கரும்பு வண்டியிலிருந்து கழற்றியது, நல்ல துரு. வாஷர் நான்கு. முறுக்கிய இடத்தில் துரு உதிர்ந்து பளிச்சென்று தெரிந்ததால் விளக்குக் கரியும் கிரீஸும் கலந்து பூசினேன். வழுக்கிய கோட்டைச் சேற்றால் மறைத்தேன். தகடு, மூக்கு, சக்கரம் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி புழுதி தெளித்தேன். கீழே விழுந்த தூளைக் கூட்டி அள்ளிக் கொல்லையில் போட்டேன்.

நடுவில் அம்மா கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

"இன்னாடா பண்றே அவன் வண்டிய?"

"நம்பர் மாட்றேன்."

"வேணாம் வேணாம்னு சொல்லிகினு கெடந்தானே. வந்து பாத்தா அழுவான்டா."

"அவன் நல்லதுக்குத்தான். நீ போய் அடுப்பப் பாரு."

காரணத்தை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் யாரிடமாவது சொல்லிவிடுவாள் என்று பயந்தேன். என் வாழ்க்கையில் நான் எண்ணாமல் விட்டதில் இது ஒன்று.

கரியைக் கழுவக் கிணற்றடிக்குப் போனேன். தேய்க்கத் தேய்க்க நகத்தடியில் போகவில்லை. அரை மணி நேரம் ஆகியிருக்கும். திரும்பி வரும்போது சைக்கிள்கள் வாசலில் நின்றன. மூன்று.

ஏட்டு ஒருவரும் கான்ஸ்டபிள்கள் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். ஜீப் வர வழியில்லாமல் அவர்களும் என்னைப் போலவே சைக்கிளைத் தூக்கிக்கொண்டுதான் வந்திருக்க வேண்டும். ஏட்டுக்கு ஐம்பது வயதுக்கு மேல். சட்டை முதுகில் உப்புப் பூத்திருந்தது. ஒரு காலை ஊன்றாமல் நின்றார். கொட்டகைக் கதவு அகலத் திறந்திருந்தது. நான் போய் நின்றேன். காரைப் பார்த்தேன்.

எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும், பம்ப்செட்டானாலும், அம்மிக்கல்லானாலும், அரிவாளுக்கு மாற்றிய பிடியானாலும், அம்மா அதற்குத் தண்ணீர் விட்டுத் துடைத்து மஞ்சள் குங்குமம் வைப்பாள். வைக்காமல் உபயோகிக்க விடமாட்டாள். அதைத்தான் அவள் செய்திருந்தாள். என் புழுதி முழுவதையும் ஈரத்துணியால் துடைத்திருந்தாள். கறுப்புத் தகடு பளபளத்தது. நான்கு மூலையிலும் மஞ்சள், அதன் நடுவில் குங்குமம். போல்ட் ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு செம்பருத்தி. முன் சக்கரம் இரண்டின் அடியிலும் எலுமிச்சம்பழம். மஞ்சள் இன்னும் காயவில்லை.

"வண்டிக்கு இன்னா விசேஷம்மா?" என்று ஏட்டு கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார்.

அம்மா மோர்ச் சொம்போடு வந்து நின்றாள். "விசேஷம் ஒண்ணுமில்லீங்க. பெரியவன் இப்பதான் நம்பர் மாட்டனான். புதுசா எதுனா வந்தா வெக்கறதுதானுங்களே."

கான்ஸ்டபிள் ஒருவர் இன்னொருவரைப் பார்த்தார். ஏட்டு மோரை வாங்கினார், குடிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"சர்வேயர் சார்தான நீங்க? ரெண்டு வருஷம் முன்ன ஒரு வரப்புத் தகராறுல வந்து அளந்து குடுத்தீங்க."

"ஆமாங்க."

"அப்ப நீங்க சொன்ன அளவத்தான் கோர்ட்டுல ஒத்துக்கினாங்க." தகட்டைக் காட்டினார். "இது எப்ப மாட்டனதுங்க?"

"வண்டி வந்த நாள்லேர்ந்து இருக்குது. கழண்டுகினு தொங்குச்சி. இன்னிக்கி திருப்பி மாட்டனேன்."

முழுப் பொய்யை அத்தனை சரளமாக அதற்கு முன் நான் பேசியதில்லை. அம்மா என் முகத்தைப் பார்த்தாள். அவள் வாய் திறந்து மூடியது. அப்போதுதான் அவளுக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும்.

ஏட்டு வலிக்கிற காலை நீட்டிக்கொண்டு மெதுவாகக் குந்தினார். செம்பருத்தியை எடுத்து ஓரமாக வைத்தார். தகட்டின் பின்னால் விரலை விட்டுத் தடவினார். விரலை வெளியே எடுத்தபோது நுனியில் சிவப்புத் தூள் இருந்தது. ஓட்டையின் பின்பக்கம் ஒட்டியிருந்ததை நான் கூட்டவில்லை. அவர் அதைப் பார்த்தார். பேண்டில் துடைத்துக்கொண்டார்.

"சின்னவரு எங்கம்மா?"

"சிநேகிதன் வூட்டுக்குப் போயிருக்கறான். வந்துடுவான்."

"இன்னா படிச்சிருக்காரு?"

அம்மா சொன்னாள். படித்தது, ஐந்து தடவை பரீட்சை எழுதியது, பட்டியலில் பேர் வந்தது, கடுதாசிக்காகத் தபால்காரன் வரும் நேரத்துக்கு வாசலுக்கு வந்து நிற்பது எல்லாம் சொன்னாள். மோர் முழுவதையும் குடித்துவிட்டு இன்னொரு சொம்பு கேட்டார். அதையும் குடித்தார். பிறகு கான்ஸ்டபிளிடம் அட்டையையும் தாளையும் வாங்கி மகஜர் எழுத ஆரம்பித்தார்.

மகஜர் என்றால் ஒரு இடத்தையோ பொருளையோ போலீஸார் நேரில் பார்த்து, பார்த்ததை அங்கேயே எழுதி, அருகில் இருப்பவர்களிடம் சாட்சிக் கையெழுத்து வாங்குவது. இடம் அளந்து கொடுத்த வகையில் நான் அதுவரை பத்தொன்பது மகஜர்களில் கையெழுத்துப் போட்டிருந்தேன். இது இருபதாவது.

எழுதி முடித்து என்னிடம் நீட்டினார். சிவப்பு நிறக் கார், இருக்கைகள் இரண்டு, முன்புறமும் பின்புறமும் பதிவு எண் பலகை பொருத்தப்பட்டுள்ளது. அவ்வளவுதான் இருந்தது.

"இருக்குதா இல்லையான்னு பாத்து எழுதியாரச் சொன்னாங்க. எப்பலேர்ந்துன்னு கேக்கல" என்றார். நான் கையெழுத்துப் போட்டேன். பேனாவை வாங்கும்போது என் நகங்களைப் பார்த்தார். "இன்னொரு கையெழுத்த மணியக்காரர்கிட்ட வாங்கிக்கறேன்" என்றார்.

சைக்கிளில் ஏறும்போது என்னை மட்டும் பக்கத்தில் கூப்பிட்டார். "போல்ட்டு மட்டும் பழசா இருந்தா பத்தாது சார். ஓட்டையும் பழசா இருக்கணும்." அவர் சிரிக்கவில்லை. கேலியா, கோபமா, எச்சரிக்கையா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அவர்கள் போனபின் அம்மா கொட்டகை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நா எதுனா தப்பா சொல்லிட்டனாடா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "உண்மையத்தான சொன்னேன்?" என்றாள். ஆமாம் என்றேன்.

பதினான்காம் நாள் பேருந்து ஓடியது. பதினைந்தாம் நாள் தம்பி வந்தான். மெலிந்திருந்தான். தாடி வளர்ந்திருந்தது. அம்மா சோறு போட்டாள். சாப்பிட்டுக் கை கழுவியதும் கொட்டகைக்குப் போனான். நான் பின்னால் போனேன். மஞ்சள் காய்ந்து உதிர்ந்திருந்தது. அவன் காரின் முன்னால் வெகுநேரம் நின்றான்.

"யாரு ண்ணா போட்டது?"

"நான்தான்."

எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். மணியக்காரர் சொன்னது, வழக்கு, பன்னிரண்டாவது ஆள், ஓவியர், ஏட்டு, மகஜர். வாயை மறைக்காமல் உதட்டில்தான் வைத்தேன், காற்று போகும் என்றும் சொன்னேன். அவன் குந்தி, வழுக்கி விழுந்த கோட்டைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தான்.

"எத்தினி பேரு எறங்கனாங்கன்னு எழுதியிருந்துது?"

"ஆறு பேரு."

"ரம்பம் கோடாலியோட."

"ஆமாம்."

"இதுல சீட்டு எத்தினி ண்ணா?"

மகஜரிலேயே இருக்கைகள் இரண்டு என்று எழுதியிருந்தது. படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். ரம்பத்தோடு ஆறு பேரும் ஓட்டுகிறவனும் ஏறக்கூடிய வண்டியா அது என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் ஒரு ஸ்கூட்டரில் ஐந்து பேர் போவதுண்டு, தொங்கிக்கொண்டு போயிருக்கலாம் என்று போலீஸார் வாதாடலாம்தான். ஆனால் என் தம்பிக்காக இரண்டு சீட்டு என்ற வாதத்தை முன்வைக்க எனக்குத் தோன்றவே இல்லை.

"நீ எதையும் எண்ணுவே" என்றான். குரல் உயரவில்லை. "நா செஞ்சிருப்பேன்னு முடிவு பண்ணிட்டே, இல்ல?"

"உன் வேலைக்காகத்தான்டா."

"என்னை ஒரு வார்த்த கேட்டியா?"

"நீதான் மலைக்குப் போயிட்டியே."

"போறதுக்கு முன்ன வூட்லதான ண்ணா இருந்தேன்."

அப்போதும் நான் கேட்டிருக்கலாம். அவன் எதிரில்தான் இருந்தான். கேட்டால் இத்தனை நாள் கேட்காதது பெரிதாகிவிடும் என்று தோன்றியது. அவன் எழுந்து டிரில்லைப் பெட்டிக்குள் அதனுடைய இடத்தில் திருப்பி வைத்துவிட்டு உள்ளே போனான்.

அதற்குப் பிறகு அவன் அந்தக் காரை ஓட்டவில்லை. சண்டை எதுவும் இல்லை. பேட்டரி இறங்கிப்போனது என்பான், பெட்ரோல் கிடைக்கவில்லை என்பான். மலைக்குப் போக வேண்டுமென்றால் பேருந்தில் போனான். நம்பர் பிளேட்டையும் கழற்றவில்லை. கழற்றியிருந்தால் எனக்குச் சமாதானமாக இருந்திருக்கும்.

வழக்கில் பன்னிரண்டாவது ஆள் அடையாளம் தெரியாதவராகவே இருந்தார். மூன்றரை மாதம் கழித்து வேலைக்கான விசாரணைக்கு ஒரு போலீஸ்காரர் வந்து அம்மாவிடம் இரண்டு கேள்வி கேட்டுவிட்டுப் போனார். வயது வரம்புக்கு நாற்பத்தொரு நாள் மிச்சமிருக்கும்போது உத்தரவு வந்தது. அம்மா அந்தக் கடுதாசிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்தாள். வைத்த கையோடு என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, அவசரமாக முந்தானையால் ஒற்றி எடுத்தாள். அதை என்னால் பார்க்க முடியவில்லை.

வேலைக்குச் சேர அவன் கிளம்பிய காலையில் கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்துக்கு நான்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். அவன் ஏற வேண்டிய பேருந்து வருவதற்குப் பத்து நிமிஷம் இருந்தது. எதையெல்லாமோ சொன்னேன். சாப்பாட்டுக்கு எங்கே ஏற்பாடு, சான்றிதழ் நகல் எத்தனை வைத்திருக்கிறாய், மேலதிகாரியிடம் எப்படிப் பேச வேண்டும். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். பேருந்து வந்து நின்றது. அவன் படியில் கால் வைக்கும்போதுதான் கேட்டேன்.

"டேய், அன்னிக்கிக் காலையில நீ எங்க போன?"

அவன் திரும்பினான். கோபம் இல்லை. சின்ன வயதில் நான் கணக்குச் சொல்லிக் கொடுக்கும்போது, விடை தெரிந்தும் சொல்லாமல் என்னைப் பார்ப்பானே, அப்படிப் பார்த்தான்.

"மகஜர்ல கையெழுத்துப் போட்டுட்டியே ண்ணா" என்றான். "அதுவே இருக்கட்டும்."

உள்ளே போய் ஜன்னலோரம் உட்கார்ந்தான். நான் பெட்டியை மேலே ஏற்றிக் கட்டினேனா, நடத்துனர் ஏற்றினாரா என்பது ஞாபகமில்லை.

கார் அடுத்த வருஷம் விலை போயிற்று. வாங்கியவர் சேலத்துக்காரர். ஓட்டைகளைப் பார்த்து அவர் ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் சில காலம் கழித்து எங்கள் ஊர் வழக்கும் கைவிடப்பட்டது. அந்தப் பதினோரு பேரும் வீடு திரும்பிப் பழையபடி கரும்பு வெட்டினார்கள். அவர்களில் யாரையாவது கேட்டிருந்தால், அன்று சிவப்புக் கார் வந்ததா, ஓட்டியது யார் என்று சொல்லியிருப்பார்கள். அவர்களில் மூன்று பேர் என் வரப்புக்கு அடுத்த வரப்புக்காரர்கள். நான் கேட்கவில்லை. தம்பியைக் கேட்காத கேள்வியை அவர்களிடம் கேட்பது இன்னொரு மகஜர் எழுதுவது மாதிரி.

தம்பி ஓய்வு பெற்று இப்போது திருவண்ணாமலையில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்கிறான். மழை, ரத்த அழுத்தம், பேத்தியின் மார்க் பற்றிப் பேசுகிறோம். நல்லவனாகத்தான் இருக்கிறான். எனக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது ஒன்பது நாள் கூடவே இருந்து சொட்டு மருந்து விட்டான். மருந்து விடும்போது அவன் முகம் என் முகத்துக்கு நேர் மேலே, ஒரு சாண் தூரத்தில் இருக்கும். ஒரு நாளைக்கு நான்கு தடவை. முப்பத்தாறு தடவை நான் அவனைக் கேட்டிருக்கலாம். "கண்ண மூடு ண்ணா" என்பான். மூடிக்கொள்வேன்.